வாசலில் நிற்கும் பெரிய மரம்: கொப்பு கழிப்பதா, பெயர்த்து நடுவதா, அனுமதி பெற்று வெட்டுவதா?

பாளையங்கோட்டையின் புதிய நகர்களிலும், வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கங்களிலும் வீடு கட்டத் தொடங்குகிற வாசகர்கள் பலர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். மனைக்குள்ளோ, மனையை ஒட்டிய தெருவிலோ ஒரு பெரிய வேம்பு, புளி அல்லது பனை நிற்கிறது; அதை என்ன செய்வது, யாரிடம் கேட்பது என்பதே அந்தக் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாத காரணத்தால் ஒரு சாரார் தம் சொந்த மனையில் பட்டுப்போன மரத்தைக்கூடத் தொட அஞ்சி, ஆடிக் காற்றில் அது கூரைமேல் சாயும்வரை விட்டுவைக்கிறார்கள். இன்னொரு சாரார் விடுமுறை நாளில் ஆள் வைத்து, அலுவலகம் திறப்பதற்குள் தெருவோர மரத்தை லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். சமவெளியில் பட்டா நிலத்து மரத்துக்குச் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடு மக்கள் அஞ்சுவதைவிடக் குறைவு என்பதும், தெருவோரத்து மரத்துக்கு அது மக்கள் நினைப்பதைவிட மிக அதிகம் என்பதும் தெரிந்திருந்தால் இரு சாராரும் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, மரம் நிற்கும் மண் யாருடையது என்பது. நட்டவர் யார், தண்ணீர் ஊற்றியவர் யார் என்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டாவையும், நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் காட்டும் ‘அ’ பதிவேட்டையும், மனையின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பார்த்துவிடலாம். ஆனால் மரம் எல்லைக்கோட்டின்மேல் நிற்பதாகத் தோன்றினால் படத்தை நம்பாமல், கட்டணம் செலுத்தி நில அளவையரைக் கொண்டு அளந்துவிடுவதே நல்லது. மனைக்கு முன்னால் உள்ள நான்கடி இடத்தைத் தமது என்று எண்ணிக்கொண்டிருந்த பலருக்கு, அது தெருப் புறம்போக்கு என்பது அளக்கும்போதுதான் தெரியவருகிறது. கூட்டுப்பட்டாவாக இருந்தால் உடன்பிறந்தாரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. பாகப்பிரிவினை வழக்குகளில் நிலத்தைவிட மரத்தைச் சொல்லித் தொடங்கிய சண்டைகள் இந்தப் பக்கத்தில் குறைவில்லை. புறம்போக்கில் உள்ள மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்க 2சி பட்டா பெற்றிருப்பவர்கள், அந்தப் பட்டா காய்க்கும் கனிக்கும் உரியது, மரத்தை வெட்டுவதற்கு உரியதன்று என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

| மரம் நிற்கும் இடம் | பேச வேண்டிய இடம் |
|---|---|
| சமவெளிப் பட்டா நிலம், வேம்பு, புளி, மா, தென்னை போன்றவை | பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. உள்ளாட்சிக்கு எழுத்தில் தெரிவிப்பது பாதுகாப்பு |
| பட்டா நிலத்துப் பனை | மாவட்ட ஆட்சியர் |
| பட்டா நிலத்துச் சந்தனம் | வனத்துறை |
| மாநகராட்சி, நகராட்சித் தெரு | அந்த உள்ளாட்சி, அதன் வழியே மாவட்டப் பசுமைக் குழு |
| கிராமப் புறம்போக்கு | கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், அவர்கள் வழியே மாவட்டப் பசுமைக் குழு |
| நெடுஞ்சாலை ஓரம் | நெடுஞ்சாலைத்துறை |
| குளக்கரை, கால்வாய்க் கரை | நீர்வளத்துறை |
| கோயில் நிலம் | இந்து சமய அறநிலையத்துறை |
| அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி | 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த குழு |

இரண்டாவது, மரத்தின் இனம். மூன்றாவது, ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. அடிமரம் பொந்து விழுந்திருக்கிறதா, தூரில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கத்து மண் மேலெழும்பி மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெகுகாலமாகச் சாய்ந்தே வளர்ந்த மரத்தைக் கண்டு அஞ்சுவதில் பொருளில்லை. நான்காவது, செலவும் காலமும். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்த வழியைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், எதைத் திருத்த முடியாது என்பதே அது. கழித்த கொப்பு தழைக்கும்; ஐம்பது வயதுப் புளியைத் திரும்ப நிறுத்த முடியாது.

இனிமேல் நான்கு வழிகளையும் இந்த அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம்.

## கொப்பு கழித்தல்

வாசகர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால், பத்தில் பெரும்பாலான மரங்களுக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது. மாடியில் உரசுகிற கொப்பு, மின்கம்பியை எட்டுகிற கொப்பு, பட்டுப்போய்த் தொங்குகிற கொப்பு ஆகியவற்றை எடுத்தாலே குறை தீர்ந்துவிடும். சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்துக்கு இதற்கென அனுமதி தேவையில்லை. தெருவோர மரத்துக்குக் கொப்பு கழிப்பதென்றாலும் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு கொடுத்து, அவர்களுடைய ஆட்கள் வந்து கழிப்பதுதான் முறை. ஆனால் முழு மரத்தை வெட்டக் கேட்கும் மனுவைவிட இது எளிதில் நகரும்.

இந்த வழியின் மறைவான செலவு, தவறாகக் கழிப்பதில் இருக்கிறது. மரத்தை மொட்டையடித்தால் சீக்கிரம் திரும்ப வளராது என்ற நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. உண்மையில், மொட்டையடித்த இடத்திலிருந்து கிளம்பும் புதுத் தளிர்கள் பட்டையின் மேல்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு வேகமாக நீளும். வெட்டுவாயில் மழைநீர் இறங்கி உள்ளே இற்றுப்போகும். ஐந்தாறு ஆண்டுகளில் அந்தப் புதுக் கொப்புகள் கனத்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் ஆனி, ஆடியில் இறங்கும் காற்றில் முதலில் முறிந்து விழுபவையாகிவிடும். ஓர் ஆண்டில் தழையில் கால் பங்குக்குமேல் எடுக்காமல், கனமான கொப்பை முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, பிறகு சற்று வெளியே தள்ளி மேற்பக்கத்தில் ஒரு வெட்டு, கடைசியாகக் கொப்பு அடிமரத்தில் சேரும் இடத்துப் புடைப்பை ஒட்டி ஒரு வெட்டு என்று மூன்று வெட்டுகளாக எடுத்தால், பட்டை உரியாது, காயமும் தானே மூடிக்கொள்ளும். தார் பூசுவதால் பயனில்லை.

இன்னொரு செலவு, ஏறுகிறவருடைய பாதுகாப்பு. கயிறும் இடுப்புவாரும் இல்லாமல் ஏறி ஒருவர் விழுந்துவிட்டால் மருத்துவச் செலவும் வழக்கும் வேலைக்கு அழைத்தவர் வாசலுக்கே வரும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வாளை எடுக்க வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டியிருக்கிறது. நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அந்த ஊரார் அவற்றைக் காத்துவருகிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டை என்பதற்குள் அடங்கும். ஆகவே, எந்த ஊராக இருந்தாலும் கூடும் குஞ்சும் உள்ள மரத்தில் வேலையைக் கூடு காலியாகும்வரை தள்ளிப்போடுவதே சட்டத்துக்குப் பொருந்தும்.

மரம் உயிரோடும் உறுதியோடும் இருந்து, இடைஞ்சல் மேல்பகுதியில் மட்டும் இருந்தால் இந்த வழியே சிறந்தது. தூர் இற்றுப்போன மரத்துக்கு இது வெறும் காலத்தாழ்வு.

## கட்டடத்தை மாற்றிக்கொள்ளுதல்

வரைபட நிலையிலேயே இருப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. அடித்தளம் போட்டுவிட்டவர்களுக்கு இதைவிட விலை கூடிய வழியும் கிடையாது. மதில் சுவரை வேரின்மேல் தொடர்ச்சியான கடைக்கால் போட்டு எழுப்பாமல், தூண்களுக்கு இடையே தரைவிட்டம் கொடுத்து வேரைத் தாண்டிச் செல்ல விடலாம். வண்டி நிறுத்துமிடத்தை மரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு இறுக்கிவிட்டு மரத்தைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டைப் பெயர்த்தெடுக்கச் சொன்னது இந்தக் காரணத்தால்தான். ஆல், அரசு, அத்தி ஆகியவை அடித்தளத்துக்குள் வேர் விடுபவை. அவற்றுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வேரோடு பெயர்த்து நடுதல்

செய்தித்தாள்களில் படத்துடன் வருவதால் இந்த வழிக்கு இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது. பெயர்த்து நட்ட அன்று எடுத்த படத்தைப் பார்ப்பவர்கள், ஓராண்டு கழித்து அந்த மரத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. ஆல், அரசு, அத்தி, பூவரசு ஆகியவை இதைத் தாங்கும். புளி, இலுப்பை போன்றவற்றில் முதிர்ந்த மரம் பிழைப்பது கடினம். வேம்பு இடைப்பட்டது.

முறையாகச் செய்தால், சில வாரங்களுக்கு முன்பே சுற்றிலும் குழி வெட்டி, வேர்களை ஒழுங்காக அறுத்து, சல்லிவேர் விட இடம் கொடுத்து, தழையைக் குறைத்து, தாய்மண்ணோடு சாக்கு சுற்றித் தூக்க வேண்டும். பொக்லைன், கிரேன், தாழ்ந்த தளமுள்ள லாரி ஆகிய மூன்றும் ஒரே நாளில் வேண்டும். வழியில் உள்ள மின்கம்பிகளைத் தாண்ட மின்வாரியத்தின் உதவியும் வேண்டும். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். தெரியாத செலவு அடுத்த இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் முட்டுக்கொடுத்த கழிகளைப் பார்த்துக்கொள்வதும்தான். சித்திரையில் பெயர்த்து நடுவது பணத்தைக் கொண்டுபோய்க் குழியில் போடுவதற்குச் சமம். புரட்டாசி கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் செய்வதே நல்லது.

தெருவோர மரத்தைப் பெயர்ப்பதற்கும் வெட்டுவதற்குக் கேட்கும் அதே அனுமதி தேவை என்பதையும் பலர் அறிவதில்லை. மரத்தைக் கொல்லவில்லையே என்ற வாதம் அங்கே எடுபடாது.

என் கருத்தில், ஆலோ அரசோ பூவரசோ நிற்கும் மனையில், அந்த மரத்தின் வழித்தோன்றல் வேண்டும் என்பதே ஆசையாக இருந்தால், மழைக்காலத்தில் தடித்த கொப்பாகப் பார்த்து வெட்டி ஊன்றிப் போத்து வைப்பது பெயர்த்து நடுவதைவிட நல்ல வழி. நம் ஊர்க் குளக்கரைகளிலும் வேலிகளிலும் நிற்கும் பூவரசுகள் பலவும் போத்திலிருந்து வந்தவைதான். குலதெய்வ மரம், தாத்தா நட்ட மரம் என்று மனத்தோடு ஒட்டிய மரங்களுக்கு மட்டும் பெயர்த்து நடும் செலவு நியாயமாகும்.

## அனுமதி பெற்று வெட்டுதல்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், சொந்த வீட்டு மரத்தை வெட்டவும் மர அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அது கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம். தில்லியிலும் 1994 முதல் அப்படி ஒரு சட்டம் உண்டு. தமிழ்நாட்டின் சமவெளிப் பட்டா நிலத்து எல்லா மரங்களுக்குமான அத்தகைய பொதுச் சட்டம் இங்கே இல்லை. ஆகவே பேட்டையில் சொந்த மனையில் நிற்கும் வேம்பை வெட்டுவதற்கு ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியதில்லை. பட்டா நகல், புலப்படம், மரத்தின் படம், காரணம் ஆகியவற்றைக் குறித்து உள்ளாட்சிக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு யாரேனும் புகார் செய்தாலும் பதில் கையில் இருக்கும்.

தேக்கு போன்ற மரங்களில் வெட்டுவதைவிடக் கொண்டுபோவதில்தான் சிக்கல். 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அத்தகைய மரத்தை லாரியில் ஏற்றினால், சோதனைச் சாவடியில் மரமும் வண்டியும் நின்றுவிடும். வாங்குகிற வியாபாரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், சீட்டு யார் பெயரில் எடுக்கப்படுகிறது என்பதை நில உடைமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனையின் கதை வேறு. மாநில மரமாகிய பனையைச் செங்கல் சூளைக்கு அடிமாட்டு விலையில் விற்றுவந்த வழக்கம் திசையன்விளை, இராதாபுரம் பக்கத்து விளைகளை எவ்வளவு வெறுமையாக்கியது என்பது அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், தவிர்க்க முடியாத நிலையில் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. பட்டா நிலம் என்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை. சூளைக்காரர் ஒரு மரத்துக்குக் கொடுக்கும் பணத்தையும், ஒரு வடலி, அதாவது இளம் பனை, பாளை விடும் பருவத்துக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுக்குக் குறையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டடத்துக்குள்ளேயே அகப்பட்ட பனையைத் தவிர வேறு எதற்கும் இந்த மனு எழுதத் தகுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பட்டா நிலத்துச் சந்தனம் 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் நில உடைமையாளருக்கே உரியது. என்றாலும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும். களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் தம் சர்வே எண், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட கிராமத்தில் வருகிறதா, 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் சட்டத்துக்குள் வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டே மேலே செல்ல வேண்டும். அங்கே பட்டா மட்டும் போதாது; குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டினால் குற்றம்.

அரசு நிலத்து மரம்தான் இந்தப் பகுதியின் கடினமான பாடம். தெருவிலும் புறம்போக்கிலும் நிற்கும் மரத்தை வெட்டும் கோரிக்கை, ஆட்சியர் தலைமையில் வனத்துறையினரையும் கொண்டு அமைந்த மாவட்டப் பசுமைக் குழுவின் முன் செல்கிறது. மனுவைக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். திருநெல்வேலி அல்லது சேரன்மகாதேவிக் கோட்ட அலுவலகத்திலும் கொடுக்கலாம். அதன் பின் கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுதுவார், வட்டாட்சியர் அறிக்கை அனுப்புவார், வனத்துறை மரத்துக்கு மதிப்புப் போடும். அனுமதி கிடைத்தாலும் மரம் மனுதாரருக்குக் கிடைக்காது, ஏலத்தில் போகும். ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நடச் சொல்வதும் வழக்கம். வாசல் வழி மறைகிறது, இலை உதிர்ந்து குப்பையாகிறது என்ற காரணங்களுக்கு அனுமதி எதிர்பார்க்க வேண்டாம். ஆபத்து, பட்டுப்போனது, பொதுப்பணிக்கு இன்றியமையாதது என்பவையே எடுபடும் காரணங்கள்.

வெட்டுவதன் மறைவான செலவுகளில் பெரியது மண்ணில் இருக்கிறது. மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில், பெரிய மரம் ஆண்டுக்கணக்காக உறிஞ்சிய ஈரத்தால் சுருங்கியிருந்த மண், மரம் போனபின் மழையில் மெல்ல மெல்ல உப்பும். மரத்தை வெட்டிய கையோடு அதே இடத்தில் கடைக்கால் போட்டால் சுவரில் விரிசல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மழைக்காலமாவது இடைவெளி விடுவதும், பொறியாளரிடம் மரம் இருந்த இடத்தைக் காட்டுவதும் நல்லது. தூரை முழுதாகத் தோண்டி எடுக்காமல் மண்ணைப் போட்டு மூடினால், அது இற்றுப் பள்ளம் விழும், கறையானும் சேரும்.

சட்டம் பேசாத செலவு ஒன்றும் உண்டு. ஊர்ப்புறத்தில் சுடலைமாடன் பீடத்தின் பக்கத்தில் நிற்கும் மரத்துக்கு அரசின் அனுமதி கையில் இருந்தாலும், கொடைத் திருவிழா நடத்தும் குடும்பங்களோடு பேசாமல் வாளைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம் அன்று.

தூர் இற்ற மரம், கட்டடத்துக்குள் முழுதாக அகப்பட்ட மரம் ஆகிய இரண்டு நிலைகளில் வெட்டுவதே சரி. அதிலும் முதலாவதற்குத் தயங்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்ததைப் போன்ற மழையில் ஊறிய மண், இற்ற வேரைப் பிடித்து நிறுத்தாது.

## கேட்காமலே வெட்டுதல்

இதை ஒரு வழியாகக் கருதுவோர் இருப்பதால் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. அரசு நிலத்து மரத்தை அனுமதியின்றி வெட்டினால், திருட்டு, சேதம் விளைவித்தல் ஆகியவற்றோடு 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேரும். ஆசிட் ஊற்றுவதும், பட்டையைச் சுற்றி உரித்துப் பட்டுப்போகச் செய்வதும் இதே கணக்கில்தான் வரும். இப்போது தெருவுக்குத் தெரு கேமரா இருப்பதையும் மறந்துவிடக் கூடாது.

## மரம் பக்கத்து வீட்டுக்காரருடையதானால்

இந்த நிலையில் மேலே சொன்ன வழிகள் எதையும் நீங்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லை தாண்டி வந்த கொப்பை, அவருடைய மனைக்குள் கால் வைக்காமல், எல்லைக்கோடு வரை கழித்துக்கொள்ளும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் கழித்த விறகும் அதில் இருந்த காயும் மரத்துக்காரருக்கே சொந்தம். முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டுச் செய்தால் முகம் முறியாது. மரமே விழும் நிலையில் இருந்து, நீங்கள் சொல்லியும் அவர் கேட்காவிட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆவது பிரிவாக இருந்தது இதுதான். ஆய்வுக்குப் பின் மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ கோட்டாட்சியர் உத்தரவிட முடியும்.

மின்கம்பிக்காக உங்கள் மரத்தை வெட்டச் சொல்லி மின்வாரியம் வந்தால், கம்பி முதலில் வந்ததா, மரம் முதலில் நின்றதா என்ற கேள்வியை எழுத்தில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆவது பிரிவு, கம்பி இழுக்கும் முன்பே நின்ற மரத்துக்கு இழப்பீடு நிர்ணயிக்க நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. மரத்தின் வயதை நிறுவுவதற்குப் பழைய கிரயப் பத்திரத்தில் மரங்களைக் குறிப்பிடும் வரியோ, நில அளவைக் காலத்துப் பதிவோ, பழைய படமோ உதவும். இவற்றை வெட்டியபின் தேடுவதைவிட, ஆட்கள் வரும்முன் எடுத்து வைத்துக்கொள்வது எளிது.